கண்ணை மூடிக் கேள்

புஜைரா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி மணிமாறனுக்கு,

அக்கா கனகா எழுதுவது. நானும் அத்தானும் பிருந்தாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? “நல்லாருக்கேன்” என்று ஒற்றை வார்த்தையில் கழற்றிவிடாமல், என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்பதோடு சேர்த்து எழுது.

நீ கேட்டுக்கொண்டபடி இனி போன் கிடையாது, வாய்ஸ் மெசேஜும் கிடையாது. வாட்ஸாப்தான் என்றாலும் ஊர், தேதி போட்டுக் கடிதமாகவே எழுதுகிறேன். அங்கே கத்தாரில் ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டுக்குள் போனை எடுத்துப்போகக் கூடாது, கேம்ப் ரூமில் ஆளாளுக்கு ஒரு ஷிஃப்ட், ஒருத்தன் பேசினால் இன்னொருத்தன் சண்டைக்கு வருகிறான் என்கிறாய். சரி, நம்பிவிட்டேன். நாம் இருவரும் பேசினால் எதில் ஆரம்பித்தாலும் சண்டையில்தான் முடிகிறது என்பதும் உண்மைதானே. விரலால் தட்டித் தட்டி எழுதும் என்னைப் பார்த்து உன் அத்தான் சிரிக்கிறார். அவர் கிடக்கிறார்.

உன் மருமகள் விஷயமாகத்தான் எழுதுகிறேன். அவள் இருக்கும் டிரம்ஸ் அணி உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் பத்து வயதில் சேர்ந்தபோது நாற்பது பிள்ளைகள். அமீரகத்தின் தேசிய தினத்தன்று கடற்கரைச் சாலையை அடைத்துவிட்டு அணிவகுத்து வருவார்கள். ஷார்ஜா, அஜ்மான், அல் ஐன் என்று ஊருக்கு ஒரு அணி. வருடத்துக்கு ஒருமுறை வளைகுடா இளையோர் முரசுப் போட்டியில், மைதானப் புழுதியில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் போச்சு. அல் ஐன் அணியை மூடிவிட்டார்கள். அஜ்மான் அணி டான்ஸ் குரூப்பாகிவிட்டது. இங்கே நீட் கோச்சிங், கோடிங் கிளாஸ், அப்பாவுக்கு வேலை போய் ஊருக்குத் திரும்பியது என்று பிள்ளைகள் குறைந்து குறைந்து இப்போது பதினொரு பேர். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கும் கீழக்கரை சாகிர் சார்தான் இன்னும் விடாமல் பயிற்சி கொடுக்கிறார்.

பிருந்தாவுக்கு ஏப்ரலில் பதினேழு முடிகிறது. அதற்கப்புறம் அணியில் இருக்க முடியாது. “ஒரே ஒரு தடவை ஜெயிச்சிட்டுப் போயிடறேம்மா” என்கிறாள். கோவில்பட்டி ஸ்கூல் பேண்டில் சைடு டிரம் வாசித்து மாவட்டக் கோப்பை வாங்கியவன் நீ. வீடியோ அனுப்பியிருக்கிறேன். பார்த்து, கேட்டு, தப்பை மறைக்காமல் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பதிலுக்காக அவள் என் போனையே சுற்றி வருகிறாள்.

அன்புடன்,
அக்கா கனகா

*

ராஸ் லஃபான்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. காலையில் குப்பூஸ் ரொட்டி, மத்தியானம் சோறு, ராத்திரி ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வைக்கும் மீன் குழம்பு. அவர் புளியைக் கரைப்பதில்லை, கொட்டுகிறார். தூக்கம் அருமையாக வருகிறது, பக்கத்தில் குண்டு போட்டாலும் எழ மாட்டேன். அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

வீடியோ பார்த்தேன். பிருந்தா வளர்ந்துவிட்டாள், நிற்கிற தோரணை நம் அம்மா மாதிரியே இருக்கிறது. அவளிடம் சொல்: வலது ஸ்டிக் உயரும் அளவுக்கு இடது உயரவில்லை. வேகம் கூடும்போது தோள் காதுக்கு ஏறிவிடுகிறது. தோள் ஏறினால் கை செத்துப்போகும். பின்வரிசையில் கண்ணாடி போட்ட பையன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறான். பேஸ் டிரம் பையனை எனக்குப் பிடித்தது. உடம்பு முழுவதும் வாசிக்கிறான்.

சத்தம் எப்படி என்று நான் சொல்ல மாட்டேன். அது சாகிர் சாருடைய வேலை. ஒரு பிள்ளைக்கு இரண்டு வாத்தியார் கூடாது.

டிசம்பர் கடைசியில் மெடிக்கல் இருக்கிறது. அது தாண்டிவிட்டால் கான்ட்ராக்ட் நீட்டித்துவிடுவார்கள், இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை. கம்ப்ரெஸர் பக்கம் எப்போதும் போல வேலை. வேறு விசேஷம் இல்லை.

எல்லாரும் நலமாக இருங்கள்.

தம்பி மணி

*

புஜைரா
20 அக்டோபர் 2024

அன்புள்ள மணிக்கு,

இங்கே சுகம். அத்தான் முதுகு அவரைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது.

நீ சொன்ன தோள் விஷயத்தை பிருந்தா கண்ணாடி முன் நின்று சரிசெய்கிறாள். கண்ணாடிப் பையன் விஷயமும் சரிதானாம், சாகிர் சாரே ஆச்சரியப்பட்டார். ஆனால் பயிற்சிக்குத்தான் இடமில்லை. அணியை நடத்தும் கிளப்பின் ஹாலைச் சாயங்காலம் ஜூம்பா கிளாஸுக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் பில்டிங் பார்க்கிங்கில் வாசித்தார்கள், மேல்மாடிக்காரர்கள் புகார் சொல்லி வாட்ச்மேன் “கலாஸ், யல்லா” என்று கிளப்பிவிட்டார். இப்போது எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ரப்பர் விரிப்பில் அடிக்கிறார்கள். சத்தமே வராது. பதினொரு பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊமையாக அடிப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

இனி உன் விஷயம். நாகவள்ளி ஊரிலிருந்து போன் பண்ணி அழுதாள். கட்டின பெண்டாட்டியோடு பேசாமல் மெசேஜ் மட்டும் அனுப்புகிறாயாம். போன வாரம் கெஞ்சிக் கூத்தாடி வீடியோ காலுக்கு உட்கார வைத்தாளாம். மீனாம்பாள் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்றுக்கொண்ட பாட்டைப் பாட வந்தாளாம். குழந்தை வாயைத் திறந்து மூச்சு வாங்குவதற்குள் நீ கைதட்டி “அருமை அருமை” என்று சொல்லி முடித்துவிட்டாயாம். நான்கு வயதுக் குழந்தை, “அப்பாவுக்கு என் பாட்டு வேணாமாம்” என்று போய்ப் படுத்துக்கொண்டதாம். என்னடா அவசரம் உனக்கு? வேறு எவளாவது இருக்கிறாளா? இருந்தால் என்னிடம் சொல், நானே வந்து உதைக்கிறேன்.

பிருந்தா உனக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறாள். வீடியோ இல்லாமல் சத்தம் மட்டும் அனுப்பியிருக்கிறாள். சைடு டிரம் ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள், அதில் அவள் எத்தனையாவது என்று நீ கண்டுபிடிக்க வேண்டுமாம். “மாமாவைக் கண்ணை மூடிக் கேக்கச் சொல்லுங்க” என்கிறாள்.

உடனே எழுது.

அக்கா

*

ராஸ் லஃபான்
24 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை, அதனால்தான் தாமதம்.

பிருந்தா அனுப்பியது திறக்கவில்லை. இங்கே நெட் மோசம். வீடியோவாக அனுப்பச் சொல்.

நாகவள்ளி உன்னிடம் சொன்னதை நீ என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். டூட்டி முடிந்து வந்து கண் சொருகும் நேரத்தில் பாட்டுக் கேட்க உட்கார வைத்தால் அப்படித்தான் ஆகும். எவளும் இல்லை. எவளுக்கு இங்கே நேரம் இருக்கிறது? உனக்கு அத்தான் தினமும் வீட்டுக்கு வருகிறார், பெண் பக்கத்தில் இருக்கிறாள். கேம்பில் கிடப்பவனைப் பற்றி ஏ.சி. ரூமில் இருந்துகொண்டு பேசுவது சுலபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி

*

புஜைரா
5 டிசம்பர் 2024

அன்புள்ள மணிக்கு,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அத்தானிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன பாவம் செய்தார்? ஏ.சி. ரூமில் இருப்பது உண்மைதான். அதற்காக உன்னைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று ஏதாவது சட்டமா?

தேசிய தினம் வந்து போனது. எங்கள் பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஈவென்ட் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உடுத்திக்கொண்டு, லைட் எரியும் டிரம்களோடு வந்தார்கள். பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது, அவர்கள் குச்சியைச் சுழற்றுகிறார்கள், ஜனங்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். பிருந்தா யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதை மடித்து உள்ளே வைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

முரசுப் போட்டியும் மாறிவிட்டது. மைதானம் கிடையாது. ஒன்றரை நிமிட வீடியோ அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் தேர்வு. சாகிர் சார் கேமராக்காரர் ஒருவரை வைத்து, மலையடிவாரத்தில் விளக்குப் போட்டு எடுத்துவிட்டார். மணி, சத்தம் கணீரென்று இருக்கிறது. பதினொரு பேர் வாசிக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தான் தான் வேலை பார்க்கும் எண்ணெய் டெர்மினலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாராம். எல்லாரும் இந்தத் தடவை கப் நமக்குத்தான் என்கிறார்கள்.

பிருந்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. பயம்போல. வரும் இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அதற்குமுன் மாமா பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குத் தைரியமாக இருக்கும். என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டாதே.

அக்கா

*

ராஸ் லஃபான்
13 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். போன கடிதத்தில் எழுதியதற்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அத்தானிடம் என் சார்பில் நீயே சமாதானம் பேசிவிடு.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்கா, இதை அனுப்பாதே. இரண்டாவது வரிசையில் கண்ணாடிப் பையனின் இடது கை ஆரம்பத்திலிருந்தே பின்னால் வருகிறது. நடுவில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் இரண்டு பேர் நிறுத்தவே இல்லை. எல்லாவற்றையும் விட, கடைசியில் உருட்டி அடிக்கும் இடத்தில் பிருந்தாவின் வலது ஸ்டிக் கையை விட்டு நழுவுகிறது. அவள் அதைப் பிடித்துச் சேர்ந்துகொள்வதற்குள் மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அந்த இடத்தில் சத்தம் ஓட்டையாக விழுந்து, முழு அணியும் நொண்டியிருக்கும். ஊரே கேட்டுவிட்டு அருமை என்கிறீர்களே, உங்கள் காதுக்கெல்லாம் என்ன ஆச்சு?

பிள்ளை பயந்துபோய் அடித்திருக்கிறாள். திட்டாதே. இன்னொரு தடவை எடுக்கச் சொல், நாள் இருக்கிறது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி மணி

*

புஜைரா
20 டிசம்பர் 2024

அன்புள்ள மணிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோமா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் உனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். வீடியோவைப் போட்டேன். சத்தத்தில் ஓட்டையும் இல்லை, நொண்டலும் இல்லை. கடைசி உருட்டல் மழை மாதிரி ஒரே சீராக விழுகிறது. பிருந்தாவைக் கூப்பிட்டு, மாமா இப்படி எழுதியிருக்கிறானே என்று காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு, “இப்பப் பாருங்கம்மா” என்றாள்.

பார்த்தேன். நீ எழுதியது ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. ஸ்டிக் நழுவுகிறது. அவள் முகம் மாறுவதுகூடத் தெரிகிறது. அத்தனை நாள் எங்கள் கண்ணில் அது படவே இல்லை. சத்தம் சரியாக இருந்ததால் கையும் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சத்தம் இவர்களுடையது இல்லையாம். நாற்பது பேர் இருந்த வருடத்தில் பதிவு செய்ததை எடுத்து மேலே ஒட்டியிருக்கிறார் சாகிர் சார். இந்த வருடம் ஜெயிக்காவிட்டால் கிளப்பில் அணியைக் கலைத்துவிடுவார்கள் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அதனால்தான் இவள் சாப்பிடவில்லை.

இது ஒரு விஷயம். இனி எழுதப் போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மணி, அந்த வீடியோவைச் சத்தத்தோடு பார்த்த யாருக்கும் அந்தத் தப்பு தெரியவில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? சத்தம் நொண்டியிருக்கும் என்று எழுதினாய். நொண்டுகிறது என்று எழுதவில்லை. போன் வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், சத்தம் மட்டும் அனுப்பினால் திறக்கவில்லை, குழந்தை பாடுவதற்கு முன்பே அருமை. பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். சத்தம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

தம்பி, உனக்குக் காது கேட்கிறதா?

அக்கா

*

புஜைரா
12 ஜனவரி 2025

மணி,

நீ படித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு சொல்கிறது. அப்புறமும் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு அந்த நீலக் கோடுதான் எனக்குச் சாட்சி. அத்தானிடமோ நாகவள்ளியிடமோ நான் எதுவும் சொல்லவில்லை.

பிருந்தா சாகிர் சாரிடம் போய், இந்த வீடியோ வேண்டாம், இது எங்கள் சத்தம் இல்லை என்று சொல்லிவிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் தன் பிக்கப்பில் டிரம்களை ஏற்றி இறக்கியவர். கடை வாசலிலேயே நின்று, “யாரும்மா கேக்கப் போறா? எல்லாரும் பாக்கத்தான் போறாங்க” என்றார். அதற்கு இவள், “எங்க மாமா பாத்தாங்க சார், கண்டுபிடிச்சிட்டாங்க” என்றாள். கடைசித் தேதியை ஜனவரி முடியும் வரை நீட்டியிருக்கிறார்களாம். திரும்ப எடுப்பதாக முடிவாகியிருக்கிறது.

நீ என்ன எழுதினாலும் நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

*

ராஸ் லஃபான்
25 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: கேட்கவில்லை. கனத்த சத்தம் மட்டும் நெஞ்சில் வந்து இடிக்கும். பேச்சு குழைந்துபோய், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வருகிறது. வாயைப் பார்த்துக்கொண்டால் பாதி புரியும். போனில் ஒன்றும் புரியாது. மூன்று வருடமாகவே குறைந்துகொண்டு வந்தது, போன கோடையில் மோசமாகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. காதடைப்பான் கொடுத்தார்கள், அரிக்கிறது என்று கழற்றி வைத்தவன் நான்தான். ஸ்கூல் பேண்டில் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவனுக்கு கம்ப்ரெஸர் என்ன செய்யும் என்ற திமிர்.

மீனா பாடப் போகிறாள் என்பது நாகவள்ளி முன்கூட்டியே மெசேஜ் போட்டதால் தெரியும். குழந்தை வாயைத் திறந்தாள். பாடி முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அக்கா, என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

என்ன எழுதினாலும் தாங்கிக்கொள்வேன் என்று நீ சொன்னதால் இதையும் எழுதுகிறேன். நவம்பரில் விஷ வாயு அலாரம் அடித்தது. நல்ல வேளையாக ஒத்திகைதான். எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். நான் குனிந்து போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். திலக் பாய் என்று ஒரு நேபாளி, பாதி தூரம் ஓடியவர் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஃபோர்மேன் கேட்டபோது, சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது என்று எனக்காகப் பொய்யும் சொன்னார். அந்த வாரம்தான் உனக்கு அந்தக் கோபக் கடிதம் எழுதினேன்.

மெடிக்கல் பாஸ் ஆகிவிட்டது. எப்படி என்று கேட்பாய். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு தடவை சத்தம் கொடுக்கும்போதும் அவள் தோள் லேசாக அசையும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்து நான் அழுத்துவேன். மூன்றாவது வருஷமாக இப்படித்தான். கை அசைவைப் பார்த்து வாசிக்கக் கற்றவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

கான்ட்ராக்ட் நீட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் ஊரில் கட்டும் வீட்டு வேலை முடியும். யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மணி

*

புஜைரா
28 ஜனவரி 2025

மணி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

கை ஒன்று, சத்தம் ஒன்று என்று இருந்த வீடியோவை அனுப்பாதே என்று என் பிள்ளைக்கு எழுதினாயே, உன் மெடிக்கல் மட்டும் என்ன? அவள் தப்புப் பண்ணினால் ஒரு கப் போகும். நீ தப்புப் பண்ணினால் யார் போவார்கள்? உன்னை இழுக்கத் திரும்பி வந்தானே அந்த நேபாளி, அது ஒத்திகையாக இல்லாமல் இருந்திருந்தால் அவனும் சேர்ந்து செத்திருப்பான். அவனுக்கும் ஊரில் ஒரு மீனா இருப்பாள்.

பதினாறு வயதுப் பெண் தன் கடைசி வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சாகிர் சார் முன்னால் போய் நின்றாள். உன் வார்த்தையை நம்பித்தான் நின்றாள். நீ போய் நில். இல்லையென்றால் நான் அத்தானை அனுப்புவேன். அதுவரை உனக்கு எழுத மாட்டேன்.

கனகா

*

புஜைரா
17 பிப்ரவரி 2025

டியர் மாமா,

நான் பிருந்தா. எப்படி இருக்கீங்க? நாங்க நல்லா இருக்கோம். என் தமிழ்ல மிஸ்டேக் இருந்தா சிரிக்காதீங்க, வெள்ளிக்கிழமை தமிழ் கிளாஸ்ல படிச்சது இவ்வளவுதான்.

அம்மா சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அம்மா எழுத மாட்டேன்னு சொல்லிட்டு தினமும் போனைப் பாக்கிறாங்க. அதனால நான் எழுதறேன்.

முதல்ல ஸாரி. நான் அந்த ஆடியோ அனுப்பி, கண்ணை மூடிக் கேளுங்கன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு. எனக்குத் தெரியாது மாமா.

நாங்க திரும்ப வீடியோ எடுத்தோம். ஃபிஷிங் ஹார்பர் பக்கத்துல, லைட் எதுவும் இல்லாம, சாகிர் சாரோட போன்லயே. பதினொரு பேர், எங்க சொந்த சத்தம். வீட்ல ரப்பர் மேட்ல சத்தம் இல்லாம ப்ராக்டிஸ் பண்ணிப் பண்ணி எங்களுக்கு ஒருத்தர் கையை ஒருத்தர் பாத்தே வாசிக்க வந்துடுச்சு. கண்ணாடி போட்ட பையன் ஷ்யாம் லேட் ஆகவே இல்ல. எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லணும். சின்னதா இருந்துச்சு மாமா. நாற்பது பேர் மாதிரி இல்ல. காத்து வேற அடிச்சது. ஆனா ஒவ்வொரு ஸ்டிக்கும் தனித்தனியா கேட்டுச்சு, என்னோடது எதுன்னு எனக்கே தெரிஞ்சது. கடைசி ரோல்ல என் ஸ்டிக் நழுவல.

நாங்க செலக்ட் ஆகல. “சவுண்ட் குவாலிட்டி போதாது”ன்னு மெயில் வந்துச்சு. டீம் குளோஸ் பண்ணிட்டாங்க. டிரம்ஸ் எல்லாம் அந்த ஈவென்ட் கம்பெனி எடுத்துட்டுப் போறாங்க. சாகிர் சார் ஏத்தி விடும்போது அழுதார், நாங்களும் அழுதோம். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா சாப்பிடறேன்.

வீடியோ அனுப்பியிருக்கேன். பாருங்க. என்ன தப்புன்னு சொல்லுங்க.

உங்க மருமகள்
பிருந்தா

*

ராஸ் லஃபான்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கும் பிருந்தாவுக்கும்,

சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை நம்பலாம். அத்தானிடம் இப்போது சொல்லிவிடு. நாகவள்ளிக்கு நேற்று நானே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். “ஏன் முதல்லயே சொல்லல” என்று மட்டும் பதில் போட்டிருக்கிறாள்.

பிருந்தா, வீடியோ பார்த்தேன். தோள் ஏறவில்லை. இடது ஸ்டிக் வலது அளவுக்கு உயர்கிறது. கடைசி உருட்டலில் பதினொரு பேர் கையும் ஒன்றாக நின்றது. தப்பு ஒன்றும் இல்லை. எப்படிக் கேட்டது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

அக்கா, போன வாரம் நானாகப் போய் ஃபோர்மேனிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை, பாஸான பேப்பர் இருக்கிறதே என்றார். திரும்ப டெஸ்ட் எடுங்கள் என்றேன். அன்றைக்கே பிளாண்டுக்குள் இனி மாஃபி, இடமில்லை என்று கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோரில் போடுவார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்று நோன்பு முடிந்த பிறகுதான் தெரியும். வீட்டு வேலை பாதியில் நிற்கும். பயமாகத்தான் இருக்கிறது. திலக் பாய், விஷயம் தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டெஸ்ட் நேற்று நடந்தது. அதே கண்ணாடி அறை, அதே பெண். ஹெட்போனை மாட்டிவிட்டு அவள் வெளியே போய் உட்கார்ந்தாள். பிருந்தா சொன்ன மாதிரி நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் இரண்டு மூன்று தடவை முனகல் மாதிரி ஏதோ வந்தது. அழுத்தினேன். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. வரும், வரும் என்று பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிடலாமா என்று இருந்தது. திறக்கவில்லை. அப்போது தோளில் ஒரு கை பட்டது. அந்தப் பெண் எதிரே நின்றுகொண்டிருந்தாள். டெஸ்ட் முடிந்து ரொம்ப நேரமாகிவிட்டதாம், அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம்.

எல்லாரும் நலமாக இருங்கள். மீனாவின் பாட்டை யாராவது எனக்கு எழுதி அனுப்புங்கள்.

தம்பி மணி